உப்பு மூட்டை என் நெஞ்சில் ஏறிய நாள்

மூன்று வருடங்களுக்கு முன்பு, பங்குனி வெயில் உச்சிக்கு ஏறிக்கொண்டிருந்த ஒரு நாள். மரக்காணம் உப்பளத்தில், எங்கள் கொட்டகை வாசலில் நின்ற லாரியில் தொடங்கிய கதை இது. அன்றிலிருந்து என் வீட்டில் எனக்கு ஒரு பட்டப்பெயர் உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன். இப்போதே சொன்னால் சிரித்துவிட்டுப் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள்.

நான் மூட்டை தூக்குபவன். பாத்தியில் விளைந்த உப்பைக் கொட்டகையில் மூட்டையாகக் கட்டிய பிறகு லாரியில் ஏற்றுவதும், போகிற ஊரில் இறக்குவதும் என் வேலை. ஐம்பது கிலோ மூட்டையை முதுகில் வாங்கிக்கொண்டு, சரிவுப் பலகையில் ஓட்டமும் நடையுமாக ஏறுவேன். என்னைப் போல வேகமாக அடுக்க எங்கள் கொட்டகையில் ஆள் கிடையாது. இதைப் பெருமையாகத்தான் சொல்கிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஐந்து கிலோ தேறாத ஒரு மூட்டையைத் தூக்கப் பயம். என் மகளைத்தான் சொல்கிறேன்.

அவளுக்கு அப்போது மூன்றரை மாதம். தலைப்பிரசவம் மாமியார் வீட்டில். மூன்றாம் மாதம்தான் மனைவியும் குழந்தையும் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். வந்த அன்றே வேலையிலிருந்து ஓடி வந்து, கை கால் கூடக் கழுவாமல் தூக்கினேன். எப்படித் தூக்கினேன் என்கிறீர்கள்? இடுப்பில் ஒரு கை, கழுத்துக்குக் கீழே ஒரு கை, ஒரே எம்பு. சாக்கைத் தூக்கித்தானே பழக்கம்? பக்கத்து வீட்டுப் பெண்கள், “ஐயையோ, உப்பு மூட்டைய தூக்குற மாதிரி தூக்குறான் பாரு” என்று விழுந்து விழுந்து சிரித்தார்கள். குழந்தை வீறிட்டது. பார்த்தால் அதன் கழுத்தில் சிவப்பாக ஒரு கோடு. என் உள்ளங்கை வெடிப்பில் உப்புக்கல் இருந்திருக்கிறது.

கோடு சாயங்காலமே மறைந்துவிட்டது. எனக்குத்தான் மறையவில்லை. அதற்குப் பிறகு நான் அவளைத் தொடவே இல்லை. யாராவது நீட்டினால், “உப்புக் கைம்மா, பாப்பாவுக்கு ஆவாது” என்று சொல்லிச் சமாளித்துவிடுவேன். குளித்து முடித்தாலும் அதே பாட்டுதான். ஒரு நாள் என் மனைவி நேராகவே கேட்டாள்.

“தெனமும் அத்தினி மூட்டை தூக்குறீங்களே, இது ஒரு மூட்டையா உங்களுக்கு?”

நான் சிரித்து மழுப்பினேன். அவள் சிரிக்கவில்லை. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். கை மட்டும் காரணம் இல்லை. பிள்ளையைப் பார்த்ததும் நெஞ்சு உருகும், கண்ணில் தண்ணீர் வரும் என்றெல்லாம் கேள்விப்பட்டிருந்தேன். எனக்கு ஒன்றும் உருகவில்லை. பயமாக இருந்தது, அவ்வளவுதான். எனக்குப் பாசமே இல்லையோ, நான் ஒரு கல்லோ என்று உள்ளுக்குள் ஒரு திகில். அதை யாரிடம் சொல்வது?

இனி அந்த நாளுக்கு வருகிறேன். காலையில் திண்டிவனத்தில் உப்பை இறக்கிவிட்டு வெறும் லாரியில் நானும் டிரைவர் அண்ணனும் திரும்பிக்கொண்டிருந்தோம். அண்ணனுக்கு ஐம்பது வயது இருக்கும். உலகத்தில் அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை, கேட்டால் அவரே சொல்வார். பெருமுக்கல் மலையடியில் வண்டியை நிறுத்தி டீ குடித்தோம். வழக்கம்போல மலைக்குரங்குகள் லாரியில் ஏறிச் சர்க்கஸ் காட்டின. ஆரன் அடித்ததும் குதித்து ஓடின. நாங்களும் கிளம்பி மரக்காணம் வந்து சேர்ந்தோம்.

அடுத்த லோடு ஏற்ற வேண்டும். லாரிக்குள் மடித்துக் கிடந்த தார்ப்பாயை இழுத்தேன். உள்ளே ஏதோ ‘க்கூ’ என்றது. எலி என்று நினைத்து உதறினேன். மடிப்பிலிருந்து கறுப்பாக ஒன்று தாவி, நான் பின்வாங்குவதற்குள் என் சட்டையைப் பிடித்துத் தொங்கியது.

குரங்குக் குட்டி. ஒரு மாதம் இருந்தாலே அதிகம். என் கையளவுதான். கரிய மயிர், இளஞ்சிவப்பு முகம், அதில் தாத்தாவைப் போலச் சுருக்கம், அகலமாக இரண்டு காது. விளையாட்டாகத் தார்ப்பாய்க்குள் புகுந்ததோ என்னவோ, பெற்றவளை மலையில் விட்டுவிட்டு எங்களோடு ஊர் வந்து சேர்ந்துவிட்டது.

நான் போட்ட கூச்சலில் கொட்டகையே கூடிவிட்டது. குட்டியைப் பிய்த்து எடுக்கப் பார்த்தேன். ஒரு கையைப் பிரித்தால் மூன்று கை கால் பிடித்துக்கொள்கிறது. பிரித்தபோது மணிக்கட்டில் ஒரு பிறாண்டலும் விழுந்தது. அது மட்டும் இல்லை, என் சட்டையின் இரண்டாவது பொத்தானை வாயில் வைத்துச் சப்ப ஆரம்பித்துவிட்டது. மூட்டை தைக்கிற அக்கா ஒருவர், மூன்று பிள்ளை வளர்த்தவர், அதைப் பார்த்துவிட்டு இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“ஏம்பா, அது பாலுக்குத் தேடுதுப்பா. உன்னத்தான் அம்மான்னு நெனச்சிக்கிச்சி.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. என் கண்ணில் பட்டதெல்லாம் உப்புதான். என் சட்டை முழுக்க உப்புத் தூள், குட்டியின் முகத்திலும் மயிரிலும் உப்புத் தூள். உப்பளத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. உடம்பில் உப்புப் பட்டால் உடனே நல்ல தண்ணீரில் கழுவிவிட வேண்டும், இல்லாவிட்டால் அரித்துப் புண்ணாகிவிடும். நானும் யோசிக்கவே இல்லை. குடத்துத் தண்ணீரில் துண்டை நனைத்து அதன் தலை, முதுகு, கை கால் எல்லாவற்றையும் அழுத்தித் துடைத்தேன். ஒரு தடவை போதாதென்று இரண்டு தடவை. பிறகு காய்ந்த சாக்கு ஒன்றைப் படுக்கையாக மடித்து, ஒருவழியாகப் பிரித்தெடுத்து நிழலில் வைத்தேன்.

கத்தியது. காது கிழியக் கத்தியது. “கொஞ்ச நேரத்துல அதுவே அடங்கிடும்” என்றார் டிரைவர் அண்ணன். அடங்கத்தான் செய்தது. கடல் பக்கமிருந்து காற்று அடித்துக்கொண்டே இருந்தது. கால் மணி நேரம் கழித்துப் பார்த்தால் குட்டி ஒரு பக்கமாகச் சுருண்டு, உதடு வெளுத்து, வெடவெடவென்று நடுங்கிக்கொண்டிருந்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கவில்லை. சப்பிக்கொண்டிருந்த வாய் அப்படியே நின்றுபோயிருந்தது.

அக்கா சிரிப்பை நிறுத்திவிட்டார். “மாட்டாஸ்பத்திரிக்கு ஓடுப்பா” என்றார். சாக்கோடு அள்ளிக்கொண்டு ஓடினேன். அண்ணன் பைக்கை எடுத்தார்.

மாட்டாஸ்பத்திரியில் இரண்டு ஆடும் ஒரு சினைப் பசுவும் எங்களுக்கு முன்னால் இருந்தன. பசுவைப் பிடித்திருந்தவர், “மொதல்ல நீ போப்பா” என்று வழி விட்டார். டாக்டர் வயதில் என்னைவிடச் சின்னப் பெண். குட்டியைத் தொட்டதுமே அவர் முகம் மாறியது.

“யாரு இதை நனைச்சது?”

“நான்தாங்க மேடம். மேல உப்பு இருந்திச்சி, அதான்…”

“உப்பு ஒண்ணும் பண்ணாதுங்க. ஈரமும் காத்தும் சேர்ந்தா இந்தச் சைஸுக்கு உயிரே போயிடும். சட்டையைக் கழட்டுங்க.”

எனக்குப் புரியவில்லை. ஊசி ஏதோ எனக்குத்தான் போலும் என்று நினைத்துக் கழற்றினேன். அவர் ஒரு காய்ந்த துணியால் குட்டியை ஒற்றி எடுத்து, என் வெறும் நெஞ்சில் குப்புற வைத்து, மேலே ஒரு காய்ந்த துண்டைப் போர்த்தினார். “உட்காருங்க. அசையாதீங்க. இதுக்கு இப்ப இதுதான் மருந்து” என்றார். வனத்துறைக்குப் போன் போட வெளியே போய்விட்டார்.

பனிக்கட்டியை வைத்தது போல இருந்தது. நான் மூச்சைக்கூட மெதுவாக விட்டேன். செத்துவிடுமோ, என் கையாலேயே செத்துவிடுமோ என்று மனது அடித்துக்கொண்டது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. நெஞ்சு மயிரை ஏதோ லேசாக இழுத்தது. குனிந்து பார்த்தேன். ஐந்து விரலும் தெரிய ஒரு சின்னக் கை, என் நெஞ்சு மயிரைக் கொத்தாகப் பிடித்திருந்தது. அப்புறம் இன்னொரு கை. அப்புறம் வாய் அசைய ஆரம்பித்தது. பொத்தான் இல்லையே, என் தோலையே சப்பியது. “அண்ணே, சப்புதுண்ணே!” என்று கத்திவிட்டேன். ஆடுகளே திரும்பிப் பார்த்தன.

டாக்டர் வந்து பார்த்துச் சிரித்தார். பிறகு, “உங்க வலது கையைப் பாருங்க” என்றார்.

பார்த்தேன். துண்டுக்கு மேலே என் கை, குட்டியின் முதுகைத் தட்டிக்கொண்டிருந்தது. நான்கு தட்டு, ஒரு தடவல், மறுபடி நான்கு தட்டு. எப்போது தொடங்கினேன் என்றே எனக்குத் தெரியாது.

“யாரு சொல்லிக் கொடுத்தது?”

“யாரும் இல்லைங்க.”

“அதான் விஷயம். குட்டி ஒண்ணு உடம்போட ஒட்டிக்கிட்டா, அதோட சூடு, வாசனை, சத்தம் எல்லாம் சேர்ந்து நம்ம மூளையில சில ஹார்மோனைக் கிளப்பி விடும். பால் சுரக்க வைக்கிற மாதிரியான சமாச்சாரம்தான். அம்மாவுக்கு மட்டும்னு நினைக்காதீங்க. தூக்கி வளர்க்குற ஆம்பளைக்கும் உடம்புல அந்த மாத்தம் வரும். சில குரங்கு இனத்துல அப்பன்தான் நாளெல்லாம் குட்டியைச் சுமந்துக்கிட்டுத் திரியும்.”

என் வாயிலிருந்து கேள்வி தானாக வந்துவிட்டது. “தூக்கவே இல்லன்னா மேடம்?”

“தூக்கலைன்னா எப்படி வரும்? பாசம் வரட்டும், அப்புறம் தூக்கலாம்னு காத்திருந்தா வராதுங்க. தூக்கத் தூக்கத்தான் வரும்.”

குட்டியைப் பற்றித்தான் அவர் பேசினார். நான் தலையைக் குனிந்துகொண்டேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மூன்றரை மாதமாக வராதது, மாட்டாஸ்பத்திரியில் ஆடு மாடுகளுக்கு நடுவில் உட்கார்ந்திருக்கும்போது வந்தது.

பிறாண்டல் பட்ட மணிக்கட்டைக் குழாயடியில் சோப்புப் போட்டு நன்றாகக் கழுவச் சொன்னார். பெரியாஸ்பத்திரியில் போய் ஊசி போட்டுக்கொள்ள வேண்டும் என்று சீட்டும் எழுதினார். குட்டியை ஏறிய இடத்திலேயே உடனே கொண்டுபோய்ச் சேர்க்கச் சொல்லி வனத்துறையிலிருந்து பதில் வந்திருந்தது. அவர்கள் ஆளும் மலையடிக்கு வருவாராம். “இனி துடைக்காதீங்க, பசும்பாலும் கொடுக்காதீங்க. அங்க போனதும் தாய் காதுல இதோட குரல் விழணும். அது போதும்” என்றார் டாக்டர்.

கொட்டகைக்குத் திரும்பியதும் டிரைவர் அண்ணன் முதலாளிக்குப் போன் போட்டு வண்டி பஞ்சர் என்று கூசாமல் சொல்லிவிட்டு லாரியைப் பெருமுக்கல் பக்கம் திருப்பினார். வழியெல்லாம் அவருக்கு ஒரே கவலை. “மனுசன் வாடை பட்ட குட்டிய கொரங்கு சேத்துக்காதுடா. அதும் உன் வாடை இன்னா சாதாரண வாடையா? உப்பும் வேர்வையும் ஊறிப்போன வாடை. பெத்தவளே மூக்கப் பொத்திக்கினு ஓடிடுவா பாரு.” கிண்டல்தான். ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. வேர்வை வழிந்து என் நெஞ்சில் உப்புப் பூத்திருந்தது. குட்டியின் தலையில், முதுகில், நான் அவ்வளவு துடைத்த இடத்திலெல்லாம் மறுபடி வெள்ளை வெள்ளையாக உப்பு. துடைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்களே, அப்படியே விட்டுவிட்டேன்.

மலையடியில் வனத்துறைக்காரர் நின்றிருந்தார். டீக்கடை அம்மா ஓடி வந்து, “தோ மேல, படிக்கட்டாண்ட ஒரு தாய்க் கொரங்கு காலைலேர்ந்து கத்திக்கினே கீது” என்றார். மூவருமாகப் படி ஏறினோம். பாதி தூரத்தில் பாறை மேல் கூட்டம் தெரிந்தது. வனத்துறைக்காரர் எங்களை நிற்கச் சொன்னார். “இங்கயே படியில வெச்சிட்டுப் பின்னால வந்துடுங்க” என்றார்.

இங்கேதான் சிக்கல். என் நெஞ்சின் சூட்டில் குட்டி நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது. சத்தமே இல்லை. குரல் கொடுத்தால்தான் பெற்றவள் வருவாள். அது குரல் கொடுக்க வேண்டுமென்றால் நான்தான் அழ வைக்க வேண்டும். பகலெல்லாம் அழாமல் காப்பாற்றியவன், இப்போது நானே பிய்த்து எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு விரலாகப் பிரித்தேன். விழித்துக்கொண்டது. பாவி, என் முகத்தைப் பார்த்தது. படியில் வைத்துவிட்டுத் திரும்பினேன். பத்துப் படி கூட இறங்கியிருக்க மாட்டேன், பின்னால் அந்தக் குரல் கிளம்பியது. கொட்டகையில் கேட்டபோது அது எனக்கு வெறும் சத்தம். இப்போது அது என்னைக் கூப்பிடுகிற குரல். கால் தானாகத் திரும்பிவிட்டது. டிரைவர் அண்ணன் என் துண்டைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

“போவாதடா. உனுக்கு இல்ல அது, அவங்கம்மாவுக்கு.”

முதலில் ஒரு பெரிய ஆண் குரங்கு பல்லைக் காட்டிக்கொண்டு இரண்டு படி இறங்கியது. போச்சு, என்று கண்ணை மூடப் போனேன். அதற்குள் பாறைக்குப் பின்னாலிருந்து ஒன்று, அம்பு மாதிரி வந்தது. பால் கட்டி மார்பு இரண்டும் கனத்திருந்தது. ஆண் குரங்கை இடித்துத் தள்ளிவிட்டு வந்து, குட்டியை ஒரு கையால் வெடுக்கென்று இழுத்துத் தூக்கியது. ஐயோ, எவ்வளவு முரட்டுத்தனம்! நான் என் மகளைத் தூக்கியது ஒன்றுமே இல்லை என்று தோன்றியது. புரட்டிப் பார்த்தது. முகத்தை மோந்தது. தலையை மோந்தது. நிறுத்தி என்னைப் பார்த்தது.

நான் மனதுக்குள் கெஞ்சினேன். உப்பு வாசனை என்னுடையதுதான் தாயே, குட்டி உன்னுடையதுதான்.

அது குனிந்து குட்டியின் தலையை நக்கியது. ஒரு கணம் யோசித்தது போல நின்றது. பிறகு மறுபடி நக்கியது. பிறகு விடவே இல்லை. காது, கழுத்து, முதுகு, அக்குள் என்று ஓரிடம் பாக்கியில்லாமல் சப்புக்கொட்டிக்கொண்டு நக்கியது. குட்டியோ அதைப் பற்றிக் கவலைப்படாமல் நேராகப் பாலில் வாயை வைத்துவிட்டது. இன்னும் இரண்டு பெண் குரங்குகள் வந்து ஆளுக்கொரு பக்கம் உட்கார்ந்து, குட்டியின் மயிரை விலக்கி விலக்கி உப்பைப் பொறுக்கித் தின்ன ஆரம்பித்தன. பெற்றவள் ஒன்றுக்கு ஒரு அறை விட்டாள்.

வனத்துறைக்காரர் சிரித்துவிட்டார். “அதுங்களுக்கு உப்புன்னா உசுருங்க” என்றார். டிரைவர் அண்ணன், தெரியாதது ஒன்றுமில்லாத அந்த மனிதர், “உன் வாடைக்கு இவ்ளோ கிராக்கியாடா!” என்று என் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். நான் சட்டையில்லாமல் அந்தப் படியில் உட்கார்ந்து சிரித்தேன், அழுதேன், மறுபடி சிரித்தேன். தாய்க்குரங்கு குட்டியை வயிற்றோடு அணைத்துக்கொண்டு பாறை மேல் தாவி மறைந்தது. ஒரு நன்றி கூடச் சொல்லவில்லை, திரும்பியும் பார்க்கவில்லை.

சாயங்காலம் பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனேன். சோப்பு தேயத் தேய இரண்டு தடவை குளித்தேன். கைக்குத் தேங்காயெண்ணெய் தடவினேன். என் மனைவியின் முன்னால் போய் நின்று கையை நீட்டினேன்.

“இன்னா?” என்றாள்.

“பாப்பாவைக் குடு.”

என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு கொடுத்தாள். பாயில் மல்லாந்து படுத்து, சட்டை போடாத நெஞ்சில் மகளைக் குப்புறப் படுக்க வைத்துக்கொண்டேன். அழுதாள். நன்றாகவே அழுதாள். மனைவி கையை நீட்டினாள், நான் கொடுக்கவில்லை. நான்கு தட்டு, ஒரு தடவல். நான்கு தட்டு, ஒரு தடவல். அழுகை விக்கலாகி, விக்கல் பெருமூச்சாகி, கடைசியில் ஒரு கொழுத்த குட்டிக் கை என் நெஞ்சு மயிரைக் கொத்தாகப் பிடித்தது. பகலில் குரங்குக் குட்டி பிடித்த அதே இடம். வாய் என் நெஞ்சில் எதையோ தேடிச் சப்ப ஆரம்பித்தது.

“அங்க ஒண்ணும் கெடைக்காதுடி” என்று என் மனைவி சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்துப் பார்த்து நாளாகியிருந்தது. பிறகு நான் முழுக் கதையையும் சொல்ல, அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துச் சிரித்து, எனக்கு அன்றே பெயர் வைத்துவிட்டாள்: ‘கொரங்கம்மா’. இன்றுவரை என் மாமனார் வீட்டில்கூட அதுதான் என் பெயர்.

என் மகளுக்கு இப்போது மூன்று வயது முடிந்துவிட்டது. நான் வேலையிலிருந்து வந்து குளித்து முடிக்கும்வரை வாசலிலேயே நிற்பாள். துண்டைத் தோளில் போட்டேனோ இல்லையோ, “உப்பு மூட்டை!” என்று கத்திக்கொண்டு முதுகில் ஏறிவிடுவாள். கழுத்தைக் கட்டிக்கொண்டு தெருக்கோடி வரை போக வேண்டும், வர வேண்டும். மறுபடி போக வேண்டும். சில நாள் நான் சரியாகக் குளிக்கவில்லை என்றால் என் தோளை நக்கிப் பார்த்துவிட்டு, “அப்பா உப்பு” என்று தீர்ப்பும் சொல்வாள்.

பெருமுக்கல் வழியாகப் போகும்போதெல்லாம் லாரியை நிறுத்தி அந்தப் பாறையைப் பார்ப்பேன். என் குட்டி எது என்று அடையாளம் தெரிவதில்லை, எல்லாம் ஒரே மாதிரி வளர்ந்துவிட்டன. கொட்டகையில் என் முதுகில் ஏறி இறங்கிய மூட்டைகளுக்குக் கணக்கே கிடையாது. ஆனால் சாயங்காலம் ஏறுகிற அந்த ஒரு மூட்டையை மட்டும், அந்தக் குட்டி அன்று என் நெஞ்சைப் பிடித்திருக்காவிட்டால் தொட்டுக்கூடப் பார்த்திருக்க மாட்டேனே என்று நினைக்கும்போது, கீழே இறக்கி வைக்க எனக்கு இன்னும் மனது வருவதில்லை.